ஸ்பெரான்சா என்னும் ஜேன் வைல்டு

(வால்தம்ஸ்டோவில் தமிழ் வாசகர்கள் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அயர்லாந்துக் கவிஞர் ஒருவரைப் பற்றிப் பேச வால்தம்ஸ்டோவில் எதற்குக் கூட வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். நியாயமான கேள்விதான். அதற்குரிய பதில் இந்த ஊரிலேயே இருக்கிறது. வில்லியம் மாரிஸ் 1834-இல் இங்கே பிறந்தார். ஃபாரஸ்ட் ரோட்டில், லாயிட் பூங்காவின் முகப்பில் நிற்கும் வாட்டர் ஹவுஸில் 1848 முதல் 1856 வரை அவருடைய குடும்பம் குடியிருந்தது. அந்த வீட்டை 1950-இல் மாரிஸ் அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தவர் அன்றைய பிரதமர் கிளமென்ட் அட்லீ. இந்தியாவும் இலங்கையும் விடுதலை பெற்றபோது பிரதமராக இருந்த அதே அட்லீதான். இவை நீங்கள் அறிந்த செய்திகள்.

மாரிஸ் தம் வாழ்வின் கடைசி ஆண்டுகளில், 1891-இல், ஹாமர்ஸ்மித்தில் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கினார். எழுத்துருவைத் தாமே வரைந்தார். கையால் செய்த காகிதத்தில், கையால் இயக்கும் அச்சுப்பொறியில் புத்தகம் போட்டார். தாம் நேசித்த புத்தகங்களை மட்டுமே அச்சிடுவது என்பது அவருடைய வழக்கம். அப்படி 1893-இல் அவர் தேர்ந்தெடுத்த ஒரு புத்தகம் 'சூனியக்காரி சிதோனியா'. ஜெர்மன் மொழியில் வில்ஹெல்ம் மைன்ஹோல்ட் எழுதிய நாவல் அது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் பெயர் பிரான்செஸ்கா ஸ்பெரான்சா, லேடி வைல்டு. இன்று நான் பேச வந்திருப்பது இந்தப் பெண்மணியைப் பற்றி.

உலகம் அவரை ஆஸ்கர் வைல்டின் தாய் என்று அறிந்திருக்கிறது. மகனுடைய வாழ்க்கை வரலாறுகளில் இரண்டாம் அத்தியாயத்தில் வந்து, கடைசி அத்தியாயத்துக்கு முன் இறந்துபோகும் பாத்திரம் அவர். ஆஸ்கர் பிறப்பதற்கு முன்பே ஜேன் ஒரு நாட்டின் குரலாக இருந்தார். மூன்று மொழிபெயர்ப்பு நூல்களுக்கு மேல் வெளியிட்டிருந்தார். ஓர் அரசாங்கம் அவர் எழுத்துக்காக ஒரு பத்திரிகையைப் பறிமுதல் செய்திருந்தது. அந்த ஜேனை அவருக்குரிய இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் ஆசை.

ஜேன் பிரான்செஸ்கா எல்ஜி 1821 டிசம்பரில் டப்ளினில் பிறந்தார். பிற்காலத்தில் ஆண்டை 1826 என்று சொல்லிக்கொண்டார். தம் குடும்பப் பெயர் இத்தாலியக் கவி தாந்தேயின் குடும்பத்திலிருந்து வந்தது என்றும் சொல்லிக்கொண்டார். இவற்றை வைத்து அவரைக் கேலி செய்தவர்கள் பலர். எனக்கு இது வேறு விதமாகப் படுகிறது. பள்ளி, கல்லூரி, பட்டம், பரம்பரைச் சொத்து எதுவும் இல்லாத ஒரு பெண் தனக்கொரு முன்னோரைத் தேடும்போது ஒரு பிரபுவையோ தளபதியையோ தேடவில்லை. கவிஞரைத் தேடினார்.

அவருடைய தந்தை சார்ல்ஸ் எல்ஜி ஒரு வழக்கறிஞர். அவர் 1824-இல் இறந்தார். எங்கே தெரியுமா? பெங்களூரில். ஜேனுக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை. பிழைப்புத் தேடிக் கடல் கடந்துபோன தகப்பன் திரும்பி வராத வீடுகள் நம்மிடையே எத்தனையோ. அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த கடைக்குட்டி அவர். பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் என்று மொழி மொழியாகக் கற்றார். குடும்பம் புரொட்டஸ்டண்ட், பிரிட்டிஷ் ஆட்சியை மனதார ஏற்ற குடும்பம். விடுதலை, தேசியம் என்ற பேச்சே அந்த வீட்டில் கிடையாது.

1842-இல் டப்ளினில் 'தி நேஷன்' என்ற வார இதழ் தொடங்கியது. சார்ல்ஸ் கேவன் டஃபி, தாமஸ் டேவிஸ், ஜான் பிளேக் டில்லன் ஆகிய மூன்று இளைஞர்கள் தொடங்கியது. செய்தித்தாளில் கவிதை வெளியிட்டு ஒரு நாட்டைத் தட்டி எழுப்ப முடியும் என்று நம்பியவர்கள் அவர்கள். டேவிஸ் 1845-இல் முப்பது வயதில் இறந்தார். அவருடைய எழுத்தைப் படித்துத்தான் ஜேன் மாறினார். 1846-இல் 'ஜான் ஃபான்ஷா எல்லிஸ்' என்ற ஆண் பெயரில் அவரிடமிருந்து இதழுக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. முதலில் வெளியானது ஜெர்மனிலிருந்து செய்த ஒரு மொழிபெயர்ப்புக் கவிதை. இதை நினைவில் வையுங்கள். அவர் பொதுவாழ்வில் காலடி வைத்ததே மொழிபெயர்ப்பாளராகத்தான். எல்லிஸ் என்ற ஆளைப் பார்க்க விரும்பி ஆசிரியர் டஃபி தேடிப் போனபோது, எதிரே வந்து நின்றது நெடிதுயர்ந்த ஓர் இளம்பெண். கவிதைகளுக்கு அவர் வைத்துக்கொண்ட பெயர் ஸ்பெரான்சா. இத்தாலிய மொழியில் நம்பிக்கை என்று பொருள்.

அந்த நம்பிக்கைக்கு வாய்த்த காலம் எது என்று பாருங்கள். 1845-இல் உருளைக்கிழங்குச் செடிகளில் ஒரு கருகல் நோய் பரவியது. அயர்லாந்தின் ஏழைக் குடியானவர்களுக்கு உருளைக்கிழங்கு ஒன்றுதான் உணவு. விளைந்த கோதுமையும் ஓட்ஸும் வளர்த்த மாடும் பன்றியும் நிலப்பிரபுவின் குத்தகைக்குப் போய்விடும். 1846-இல் விளைச்சல் அடியோடு அழிந்தது. அதன் பிறகும் தானியக் கப்பல்கள் அயர்லாந்துத் துறைமுகங்களிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. 1841-இல் 81 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1851-இல் 65 லட்சமாகக் குறைந்தது. சுமார் 10 லட்சம் பேர் பட்டினியாலும் காய்ச்சலாலும் மாண்டார்கள். ஏறத்தாழ அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள்.

1847 ஜனவரியில், குளிர் உச்சத்தில் இருந்தபோது, ஸ்பெரான்சாவின் பஞ்சக் கவிதை 'தி நேஷன்' இதழில் வந்தது. பிறகு தொகுப்பில் 'பஞ்ச ஆண்டு' என்ற தலைப்பில் இடம்பெற்றது. அதன் அமைப்பு எளிது. களைத்து நிற்பவர்களிடம் கேள்வி கேட்கப்படுகிறது, பதில் வருகிறது. அறுவடை யாருக்கு, கப்பலில் போவது என்ன, வாசலில் நிற்கும் படைவீரர்கள் யாருக்குக் காவல், தாய் ஏன் அழுகிறாள் என்று ஒவ்வொன்றாக விசாரணை நடக்கிறது. முடிவில் செத்தவர்களே எழுந்து, கடவுளின் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல வருவதாக எச்சரிக்கிறது. இரக்கம் கோரும் கவிதைகள் அந்த ஆண்டுகளில் நிறைய வந்தன. இது குற்றப்பத்திரிகை வாசித்த கவிதை. பசி என்பது வானம் பொய்த்ததால் மட்டும் வருவதில்லை, ஒரு நிர்வாகம் எடுத்த முடிவாலும் வருகிறது என்று இருபத்தைந்து வயதுப் பெண் அன்றே சொன்னார்.

அந்த முடிவுகளை எடுத்த அதிகாரியின் பெயரைச் சென்னைக்காரர்கள் அறிந்திருக்க வேண்டும். லண்டன் கருவூலத்தில் அமர்ந்து அயர்லாந்துப் பஞ்ச நிவாரணத்தை நடத்தியவர் சார்ல்ஸ் ட்ரெவெல்யன். மெக்காலேயின் தங்கை கணவர். சந்தையில் அரசு தலையிடக் கூடாது என்பதில் அசையாதவர். பஞ்சம் கடவுளின் திருவுளம் என்ற பொருள்பட 1848-இல் அவர் நீண்ட கட்டுரை எழுதினார். அதே ஆண்டு சர் பட்டமும் பெற்றார். பதினோரு ஆண்டுகள் கழித்து, 1859-இல், அவரே சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்து இறங்கினார். கல்கத்தாவின் புதிய வரித் திட்டத்தைப் பகிரங்கமாக எதிர்த்ததால் 1860-இல் திருப்பி அழைக்கப்பட்டார். சென்னையில் மக்கள் பூங்கா அமைத்தவர் என்று அவரைப் பாராட்டுவார்கள். இன்று ரிப்பன் மாளிகை நிற்கும் நிலப்பரப்பு அது. பாராட்டு இருக்கட்டும். அந்தப் பூங்காவை அமைத்த கைகள் அதற்கு முன் எந்தக் கோப்புகளில் கையெழுத்திட்டன என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1876-இல் தாது வருஷப் பஞ்சம் வந்தது. அயர்லாந்தில் நடந்தது எல்லாம் தமிழ் மண்ணில் மறுபடி நடந்தது. தானியம் கப்பலேறியது. அரசின் சார்பில் வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரணக் கூலியை ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் என்று வெட்டினார். நாள் முழுதும் மண் சுமக்கும் ஆளுக்கு 450 கிராம் அரிசி! மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இது போதாது என்று புள்ளிவிவரத்தோடு சண்டை போட்டார். பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி அந்தப் பஞ்சக் கூலிகள் வெட்டியதுதான். அந்தப் பஞ்சத்தைத் தமிழில் பாடியவர் வில்லியப்ப பிள்ளை. அவருடைய 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' என்ற நூலில் மதுரைச் சொக்கநாதரே தம் அடியார்களுக்குச் சோறிட வழியில்லாமல் சிவகங்கைத் துரைசிங்க ராஜாவுக்குத் திருமுகம் எழுதுகிறார். அயர்லாந்தில் செத்தவர்கள் கடவுளிடம் முறையிட வருகிறார்கள். நம்மிடமோ கடவுளே கையேந்துகிறார். ஒருவர் சினந்தார், ஒருவர் சிரிக்க வைத்தார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு நமக்கு முழுதாகத் தெரியும். அப்படி வைத்துப் படிக்கும் பாடத்திட்டம் எந்தப் பல்கலைக்கழகத்திலாவது வர வேண்டும் என்று விரும்புகிறேன்.

1848-க்கு வருவோம். ஐரோப்பா முழுவதும் புரட்சி ஆண்டு. ஜூலையில் டஃபியைக் கைது செய்து சிறையில் அடைத்தார்கள். இதழ் நின்றுவிடாமல் இரண்டு பெண்கள் பொறுப்பேற்றார்கள். ஒருவர் டஃபியின் உறவினர் மார்கரெட் கேலன். மற்றவர் ஜேன். ஜூலை 29 தேதியிட்ட இதழில் ஜேன் எழுதிய கட்டுரை பெயரில்லாமல் வந்தது. பகடை உருட்டியாயிற்று என்று பொருள்படும் லத்தீன் தலைப்பு. ஆயுதம் எடுக்கச் சொன்ன வெளிப்படையான அறைகூவல். அரசாங்கம் அந்த இதழைப் பறிமுதல் செய்து அச்சகத்தையும் மூடியது. அதே நாளில் பாலிங்காரி என்ற கிராமத்தில் கிளர்ச்சியாளர்கள் போலீஸாருடன் மோதித் தோற்றார்கள். புரட்சி ஒரு நாளில் முடிந்துபோனது.

ஜேனின் கட்டுரையை டஃபி எழுதியதாக வைத்து அரசு வழக்கு நடத்தியது. சிறையில் இருந்தவர் எப்படி எழுதியிருக்க முடியும் என்ற கேள்வி அவர்களைத் தடுக்கவில்லை. ஜேன் அதிகாரிகளிடம், எழுதியது நான் என்று ஒப்புக்கொண்டார். நீதிமன்ற மாடத்தில் எழுந்து நின்று அதை முழங்கினார் என்றொரு கதை டப்ளினில் பல காலம் உலவியது. நாடகம் நடந்ததோ இல்லையோ, கடும் தண்டனைக்குரிய குற்றத்தை ஒரு பெண் தானாக ஏற்றுக்கொண்டாள் என்பதுதான் செய்தி. அவர் மீது வழக்குப் போட அரசு துணியவில்லை. ஜூரிகள் ஒன்றுபட முடியாததால் டஃபி விடுதலையானார். அவர் பிறகு ஆஸ்திரேலியா சென்று அன்றைய விக்டோரியா காலனியின் பிரதமராகவே ஆனார். நம் பத்திரிகை வரலாற்றிலும் இந்தக் காட்சி உண்டு. 1908-இல் 'இந்தியா' இதழில் வந்த எழுத்துக்காகச் சிறை சென்றவர் பதிவேட்டில் ஆசிரியர் என்று பெயர் இருந்த சீனிவாசன். பாரதியார் புதுச்சேரி சென்றார். அதே ஆண்டு பாரதியார் தம் 'ஸ்வதேச கீதங்கள்' நூலை அயர்லாந்தில் பிறந்த சகோதரி நிவேதிதைக்குக் காணிக்கையாக்கினார். அயர்லாந்தின் கனல் தமிழ்க் கவிதைக்கு வந்து சேர்ந்த வழிகளில் அதுவும் ஒன்று.

புரட்சி தோற்றது. தோழர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். வாய் திறந்தால் சிறை. அந்த நேரத்தில் ஒரு கவிஞர் என்ன செய்வார்? ஜேன் மேசையில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். 1849-இல் 'சிதோனியா'. 1850-இல் பிரெஞ்சுப் புரட்சி பற்றிப் பிரெஞ்சுக் கவிஞர் லாமார்ட்டின் எழுதியது. அடுத்த ஆண்டு லாமார்ட்டினின் இன்னொரு நூல். 1852-இல் அலெக்சாண்டர் டூமாவின் சுவிட்சர்லாந்துப் பயண நூல். 1863-இல் மூன்று பாகங்கள் கொண்ட ஒரு ஜெர்மன் நாவல். பிழைப்புக்காகச் செய்த வேலை என்று வரலாற்றாசிரியர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். பணம் தேவைப்பட்டது உண்மை. பணத்துக்காக மட்டும் செய்பவர், புரட்சி தோற்ற இரண்டே ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சியைப் பற்றிய நூலைத் தேர்ந்தெடுத்து வெளியிட மாட்டார்.

'சிதோனியா'வைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சிதோனியா ஃபான் போர்க் என்பவர் பொமரேனியாவில் உண்மையில் வாழ்ந்த உயர்குடிப் பெண். ஆளும் பிரபு வம்சம் வாரிசில்லாமல் அழிந்ததற்கு அவருடைய சூனியமே காரணம் என்று குற்றம் சாட்டி, முதுமையில், 1620-இல், ஸ்டெட்டின் நகரில் கொன்றார்கள். மைன்ஹோல்ட் ஒரு பாதிரியார். பழைய ஏடுகளின் நடையை அச்சு அசலாகப் பாவித்து இக்கதையை எழுதினார். படிப்பவர் இது பதினேழாம் நூற்றாண்டு ஆவணம் என்றே நம்பும்படியான ஜெர்மன் நடை. அதை ஆங்கிலத்தில் கொண்டுவருவது சாதாரண வேலையா? நம் மொழியில் வைத்து யோசியுங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் தமிழைப் போலவே இன்று ஒருவர் நாவல் எழுத, அதை இன்னொருவர் அதே வாசனையோடு வேறு மொழியில் தர வேண்டும். ஜேன் தமக்கு இயல்பான உரத்த நடையை ஒதுக்கி வைத்துவிட்டு, பழங்கால எழுத்தர் ஒருவரின் நிதானத்தை வரித்துக்கொண்டார். தம் குரலை அடக்கி இன்னொருவர் குரலில் பேசும் கலை அவருக்குக் கைவந்தது அங்கேதான். அவருடைய சொந்தக் கவிதைகள் பலவற்றில் இல்லாத கட்டுப்பாடு இந்த மொழிபெயர்ப்பில் இருக்கிறது.

இந்தப் புத்தகம் லண்டன் ஓவியர்களிடையே பரவியது. தாந்தே கேப்ரியல் ரோசெட்டி இதன் பெரிய ரசிகர். பர்ன்-ஜோன்ஸ் 1860-இல் சிதோனியாவை ஓவியமாகத் தீட்டினார். உடை முழுவதும் பாம்புகள் பின்னிப் பிணைந்ததுபோன்ற வேலைப்பாட்டுடன், ஓரக்கண்ணால் நம்மைப் பார்த்து நிற்கும் அந்தச் சிதோனியா இப்போது டேட் சேகரிப்பில் இருக்கிறாள். அந்த வட்டத்தில் ஒருவர்தான் நம் ஊர் மாரிஸ். ஆக்ஸ்ஃபோர்டு நாள்களிலிருந்தே பர்ன்-ஜோன்ஸின் தோழர். ஜேன் மொழிபெயர்த்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின், காகிதத்தில் 300 பிரதிகள், கன்றுத்தோலில் 10 பிரதிகள் என்று கறுப்பும் சிவப்புமாக அதை அச்சிட்டார். கெல்ம்ஸ்காட் வெளியீடுகள் இன்று அருங்காட்சியகங்களின் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் நம் மொழிபெயர்ப்பாளரின் பெயர் இருக்கிறது. 1893-இல் அந்த மொழிபெயர்ப்பாளர் செல்சியில், ஓக்லி தெருவில், ஆண்டுக்கு 70 பவுண்டு அரசு உதவித்தொகையில் காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

அந்த நிலைக்கு எப்படி வந்தார்? 1851-இல் டப்ளின் கண், காது மருத்துவர் வில்லியம் வைல்டை மணந்தார். வில்லியம் பெரிய மனிதர். 1851 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இறப்புகளைத் தொகுத்து, அயர்லாந்தின் பஞ்சங்களையும் கொள்ளைநோய்களையும் காலவரிசையில் பதிவு செய்தவர். மனைவி பாடிய சாவுகளைக் கணவர் எண்ணிக்கையாக எழுதினார். ஒரே குடும்பத்திலிருந்து ஒரு பஞ்சத்துக்கு இப்படி இரண்டு சாட்சியங்கள் கிடைத்தது அபூர்வம். மூன்று குழந்தைகள்: வில்லி, ஆஸ்கர், இசோலா. மெரியன் சதுக்கத்தில் பெரிய வீடு. 1864-இல் வில்லியத்துக்கு சர் பட்டம். அதே ஆண்டு ஜேனின் கவிதைத் தொகுப்பு வந்தது. மகன்கள் இருவருக்கும் காணிக்கை. அந்த ஆண்டின் முடிவிலேயே ஓர் அவதூறு வழக்கு. வில்லியத்தின் முன்னாள் நோயாளியான ஒரு பெண் ஜேன் மீது தொடுத்தது. நீதிமன்றம் அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த இழப்பீடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. செலவுத் தொகை முழுதும் வைல்டு குடும்பத்தின் தலையில். 1867-இல் ஒன்பது வயது இசோலா காய்ச்சலில் இறந்தாள். 1876-இல் வில்லியமும் போனார். வீடு அடமானத்தில் இருந்தது அதன் பிறகே தெரிந்தது. 1879-இல் ஜேன் லண்டன் வந்தார்.

லண்டனில் எழுதியதில் நிலைத்து நிற்பது நாட்டார் கதைத் தொகுப்புகள். வில்லியம் ஏழை நோயாளிகளிடம் பணத்துக்குப் பதிலாகக் கதையும் பழமொழியும் வைத்தியக் குறிப்பும் கேட்டு வாங்குவார். அப்படிச் சேர்ந்த குறிப்புகள் அவர் இறந்தபின் மூட்டையாகக் கிடந்தன. வேறு யாராக இருந்தாலும் அவை கறையானுக்குப் போயிருக்கும். ஜேன் அவற்றைச் சீர்படுத்தி 1887-இல் இரண்டு பாகங்களாக அயர்லாந்தின் பழங்கதைகள், மந்திரங்கள், நம்பிக்கைகள் என்று வெளியிட்டார். 1890-இல் இன்னொரு தொகுதி. தேவதைகள், நீர்ப்பேய்கள், சாவு வீட்டு ஒப்பாரி, கண்ணேறு கழிக்கும் முறை, மூலிகை எல்லாம் அதில் உண்டு. படிக்கும் தமிழருக்குத் தம் பாட்டி வீட்டுத் திண்ணைக்கே போய் வந்ததுபோல் இருக்கும். யார் சொன்னது, எந்த ஊர் என்று அவர் குறித்து வைக்கவில்லை. ஆய்வாளர்கள் குறை சொல்வது சரிதான். ஆனால் இருபத்து மூன்று வயது அயர்லாந்துக் கவிஞர் யேட்ஸ் 1888-இல் தம் தொகுப்பைத் தயாரித்தபோது இந்த நூலிலிருந்துதான் தாராளமாக எடுத்துக்கொண்டார், நன்றியோடு பாராட்டினார். அதே ஆண்டு ஜேனின் வீட்டுக்கும் வந்து போனார். அயர்லாந்து இலக்கிய மறுமலர்ச்சி என்று சொல்கிறோமே, அதன் வேர் ஒன்று லண்டன் வாடகை வீட்டில் ஒரு முதிய விதவையின் மேசையில் இருந்தது.

பெண்களுக்காகவும் அவர் எழுதினார். வாக்குரிமைக்காகப் பாடுபட்ட மில்லிசென்ட் ஃபாசெட்டை டப்ளின் வீட்டுக்கு அழைத்துப் பேச வைத்தவர் அவர். மணமான பெண்ணுக்குச் சொத்துரிமை தந்த 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தை மனமார வரவேற்றார். 1893-இல் வந்த கட்டுரைத் தொகுப்பின் முதல் கட்டுரையே பெண்ணடிமை பற்றியது.

ஆனால் லண்டன் நினைவுக் குறிப்புகளில் அவரைப் பற்றி என்ன இருக்கிறது? சனிக்கிழமை விருந்துகள், பகலிலும் மூடிய திரைகள், சிவப்பு விளக்கு, பழைய பாணி உடைகள், அளவுக்கு மீறிய நகைகள். அவர் வீட்டுத் தேநீரைக் குடித்துவிட்டு வந்தவர்களே எழுதிய பரிகாசம். விளக்கை மங்கலாக வைத்தவருக்கு வயதையும் கிழிந்த தரைவிரிப்பையும் மறைக்க வேண்டியிருந்தது என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் மனம் வேண்டும். அயர்லாந்து நிலத்திலிருந்து வந்துகொண்டிருந்த சிறிய குத்தகை வருமானமும் குத்தகைதாரர் கிளர்ச்சியால் நின்றுபோனது. யாருக்காகப் பாடினாரோ அவர்களுடைய போராட்டத்தால் அவர் அடுப்பு அணைந்தது. கடல் கடந்த அயர்லாந்து மக்கள் மட்டும் அவரை மறக்கவில்லை. 1882-இல் ஆஸ்கர் அமெரிக்காவில் பேசப் போனபோது, அங்கே குடியேறிய அயர்லாந்துக்காரர்கள் அவரை ஸ்பெரான்சாவின் மகன் என்றே மேடையில் அறிமுகப்படுத்தினார்கள்.

1895-இல் ஆஸ்கர் மீது வழக்கு. நண்பர்கள் எல்லோரும் நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். தாய் நின்று எதிர்கொள்ளச் சொன்னார் என்று யேட்ஸ் எழுதியிருக்கிறார். இந்த அறிவுரைக்காக ஜேனைக் குறை கூறுபவர்கள் உண்டு. 1848-இல் தாமே முன்வந்து குற்றத்தை ஏற்ற பெண் தம் மகனிடம் வேறெதைச் சொல்லியிருப்பார்? மே மாதம் ஆஸ்கருக்கு இரண்டாண்டுக் கடுங்காவல். 1896 பிப்ரவரி 3-ஆம் தேதி ஜேன் மார்புச்சளியில் இறந்தார். மகனை ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற வேண்டுகோள் மறுக்கப்பட்டது. கென்சல் கிரீன் இடுகாட்டில் புதைத்தார்கள். கல் நடப் பணம் இல்லை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகுதான் அங்கே ஒரு நினைவுச் சிலுவை எழுந்தது.

அவர் கவிதைகளைப் பற்றி என் கருத்தை மறைக்காமல் சொல்கிறேன். பெரும்பாலானவை மேடைக்காக எழுதியவை. ஆச்சரியக்குறி அதிகம், உருவகம் மலிவு. பஞ்சக் கவிதையும், கப்பலேறியவர்களைப் பற்றிய கவிதையும், இன்னும் இரண்டு மூன்றும் நிற்கும். அவற்றுக்கு மேல் நிற்பது மொழிபெயர்ப்பாளராகவும் தொகுப்பாளராகவும் அவர் செய்த பணி. ஐம்பது ஆண்டுகள் பிறர் சொற்களைச் சுமந்து ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குக் கொண்டுவந்தார். அதற்கு அவருக்குக் கிடைத்த மரியாதை போதாது.

இந்த அரங்கில் யாழ்ப்பாணத்திலிருந்தும் வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறீர்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் இருக்கிறீர்கள். 1986-இல் யாழ்ப்பாணத்தில் 'சொல்லாத சேதிகள்' என்ற தொகுப்பு வந்தது. ஈழத்துப் பெண் கவிஞர்கள் சேர்ந்து பேசிய முதல் தொகுப்பு. போர்க்காலத்தில் பெண்கள் எழுதியவற்றை, 1847-இல் டப்ளினில் ஒரு பெண் எழுதியதோடு வைத்துப் படிக்க இங்குள்ள ஆங்கில வாசகருக்கு வழி செய்து கொடுப்பது யார்? இரண்டு மொழியும் வீட்டிலேயே கற்ற உங்கள் பிள்ளைகள்தான் செய்ய முடியும்.

ஆகவே இரண்டு வேண்டுகோள். இங்கே கல்லூரியில் படிக்கும் இளைஞர்களே, பெண்பிள்ளைகளே, ஸ்பெரான்சாவின் பஞ்சக் கவிதையைத் தமிழுக்குக் கொண்டுவாருங்கள். தாது வருஷப் பஞ்சத்தின் தமிழ்ப் பாடல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். இரண்டாவது, உங்கள் வீட்டில் இருக்கும் அம்மம்மாவும் அப்பாச்சியும் சொல்லும் கதைகளை, தாலாட்டை, ஒப்பாரியை, கைவைத்தியத்தை இந்த மாதமே பதிவு செய்யத் தொடங்குங்கள். ஜேன் விட்ட குறையை நீங்கள் விடாதீர்கள்: சொன்னவர் பெயர், ஊர், நாள் மூன்றையும் மறக்காமல் எழுதி வையுங்கள்.